நெய் விழுவதற்கு முன் எடுத்து வையுங்கள்: டெல்டா வீட்டில் வீகன் சாப்பாடு

கும்பகோணத்துப் பக்கம் குடியிருந்துகொண்டு "நான் பால் சாப்பிடுவதில்லை" என்று சொல்வது லேசான காரியம் இல்லை. காலையில் டிகிரி காபி, மதியம் பருப்பு சாதத்தில் நெய், கடைசியில் மோர் என்று நாள் முழுக்க மாடு கூடவே வருகிறது. இனிப்பு என்று எடுத்துக்கொண்டால் திருவையாற்று அசோகா, நீடாமங்கலம் பால்திரட்டு, தஞ்சாவூர் சந்திரகலா. எல்லாம் நெய், பால், கோவா. இதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தால் ஆரம்பிக்கும் முன்பே கை ஓய்ந்துவிடும்.

ஆனால் ஒரு நாள் அடுப்படியில் நின்று சமையலை ஆரம்பத்திலிருந்து கவனியுங்கள். சாம்பாரில் பால் இல்லை. பொரியல், கூட்டு, வத்தக்குழம்பு, துவையல் எதிலும் இல்லை. நெய் எப்போது வருகிறது? ரசத்துக்குத் தாளிக்கும்போது, பருப்பை இலையில் போட்ட பிறகு, பாயசத்துக்கு முந்திரி வறுக்கும்போது. தயிர்? அவியலை இறக்கும் நேரத்தில். பால்? பாயசத்தில் பருப்பு வெந்து வெல்லம் சேர்ந்த பின். நம் ஊர்ச் சமையலில் பால் சம்பந்தப்பட்டது பெரும்பாலும் கடைசிக் கரண்டியாகத்தான் விழுகிறது. அந்தக் கரண்டி விழும் முன் உங்கள் பங்கைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தனிச் சமையலும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

வீகன் என்றால் கறி, மீன், முட்டையோடு பால், தயிர், வெண்ணெய், நெய், பன்னீர், தேன் எல்லாவற்றையும் விடுவது. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் வீகன் சொசைட்டியைத் தொடங்கினார்கள், பெயரும் அப்போதிலிருந்துதான். பெயர் வெளியூர் என்றாலும் சாப்பாடு பெரும்பாலும் உள்ளூர்தான்.

முதல் வாரம்: கடைக்குப் போகாதீர்கள்

ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் ஆன்லைனில் பாதாம் பால், டோஃபு, வீகன் சீஸ் என்று ஆர்டர் போடுகிறார்கள். மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துவிட்டு "இது பணக்காரர்கள் சாப்பாடு" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த டப்பாக்கள் எதுவும் முதல் வாரத்துக்குத் தேவையில்லை.

காலைக்கு இட்லி, நல்லெண்ணெயில் தோசை, இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால். கும்பகோணத்துக்காரர்களுக்குக் கடப்பா இருக்கிறது: பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, பட்டை கிராம்பு தாளித்தால் ஆயிற்று. பருப்பும் கிழங்கும் தேங்காயும் சேர்ந்த அந்தக் கெட்டிக்குப் பாலும் வேண்டாம், கிரீமும் வேண்டாம். வெளியூரிலிருந்து வரும் வீகன் விருந்தாளிக்கு முதல் நாள் காலையில் நான் வைப்பது இதைத்தான்.

மதியத்துக்குச் சாம்பார், ரசம், ஒரு பொரியல், ஒரு கீரை. இரவுக்கு மீதி மாவில் ஊத்தப்பம், அல்லது அடை. அடைக்கு வெண்ணெய் இல்லாவிட்டால் வெல்லம் தொட்டுக்கொள்ளலாம். பருப்பு உருண்டைக் குழம்பு, வாழைப்பூ வடை, கொத்தவரங்காய் பருப்பு உசிலி என்று வாரத்தில் மூன்று நாளாவது பருப்பை முன்னே கொண்டுவாருங்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு ஈர வயலிலேயே உளுந்தும் பயறும் தெளித்து விடுவது டெல்டாவின் பழக்கம். நெல் அறுத்த தாளுக்கு நடுவே அது வளர்ந்து பங்குனி சித்திரையில் வீட்டுக்கு வருகிறது. புரதத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களைப் பங்குனியில் வயல் பக்கம் அழைத்துப் போங்கள்.

பழைய சோற்றுக்கு மோர் விட்டே பழகியவர்களுக்கு முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருக்கும். நீராகாரத்தில் கல்லுப்பு போட்டு, சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு, மாவடு இருந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள். புளிப்பு அதிலேயே வந்துவிடும்.

ஒளிந்திருக்கும் மோர்

புதிதாக வருகிறவர்கள் நெய்யைக் கண்ணால் பார்த்துத் தவிர்த்துவிடுவார்கள். மோர்தான் கண்ணுக்குத் தெரியாது. மோர் மிளகாய் என்றால் பெயரிலேயே இருக்கிறது. சுண்டைக்காய் வத்தலையும் மணத்தக்காளி வத்தலையும் பல வீடுகளில் உப்பு மோரில் ஊறப்போட்டுத்தான் காயவைக்கிறார்கள். வத்தக்குழம்பு வீகன்தான், அதில் போடும் வத்தல் வீகன் இல்லை என்ற நிலைமை வந்துவிடும். மாசி, பங்குனி வெயிலில் வீட்டிலேயே போட்டுக்கொள்வது நல்லது. சுண்டைக்காயைத் தட்டி, விதை கொஞ்சம் போக அலசி, மோருக்குப் பதில் கெட்டிப் புளித்தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்துக் காயவையுங்கள். மோரில் ஊறியதைவிட நிறம் கறுப்பாக வரும், குழம்பில் போட்டால் வித்தியாசம் தெரியாது.

வாழைப்பூ, வாழைத்தண்டு ஆய்ந்தவுடன் கறுக்காமலிருக்க மோர்த் தண்ணீரில் போடுவது அம்மாக்களின் கைப்பழக்கம். நீங்கள் சொல்லாவிட்டால் அது தானாக நடந்துவிடும். அரிசி களைந்த தண்ணீரில் ஒரு சுளை புளியைக் கரைத்துப் போட்டாலும் கறுக்காது. வாழைப்பூவில் ஒவ்வொரு பூவிலும் நடுவே நிற்கும் கள்ளனையும், அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி மாதிரி செதிலையும் எடுத்துவிட்டு உடனே அந்தத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். கையில் முன்கூட்டியே நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் பிசின் ஒட்டாது.

ரவா தோசை மாவில் பல இடங்களில் மோர் விடுகிறார்கள். பரோட்டா மாவில் பாலோ முட்டையோ சேரலாம். பெரிய ஓட்டல் சாம்பாரிலும் வெண்பொங்கலிலும் நெய் உண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கடைப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பச்சைப் புள்ளிக்கு அர்த்தம் சைவம் மட்டும். பால் பவுடர் போட்ட பிஸ்கட்டுக்கும் அதே புள்ளிதான். பொருட்களின் பட்டியலுக்குக் கீழே, ஒவ்வாமை எச்சரிக்கையில் பால் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2022-இல் வந்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிகளின்படி வீகன் பொருளுக்கென்று தனி முத்திரை இருக்கிறது, பச்சை நிற ‘வி’ எழுத்தின் மேல் சின்ன இலை. ஆனால் அந்த முத்திரை உள்ள பொட்டலம் தஞ்சாவூர் பெரிய கடைகளில் கிடைக்கலாம், உங்கள் தெரு அண்ணாச்சி கடையில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே நிலக்கடலையும் எள்ளும் கருப்பட்டியும் நன்றாக இருக்கும்.

காபி

பலர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போகிறார்கள், அதனால் நேராகச் சொல்கிறேன். பாலில்லாமல் டிகிரி காபி கிடையாது. அதற்குச் சமமான ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறு நல்ல காபி இருக்கிறது.

பத்து முந்திரியை அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மிக்ஸியில் வெண்ணெய் மாதிரி மைய அரைத்துக்கொள்ளுங்கள். வடிகட்ட வேண்டாம். அதைச் சூடு பண்ணும்போது கொதிக்க விட்டால் கஞ்சியாகிவிடும், ஆவி வந்ததும் இறக்கிவிடுங்கள். முதல் டிகாஷனை நல்ல சூட்டில் இதன் மேல் ஊற்றி, டபராவில் இரண்டு ஆற்று ஆற்றினால் நுரைகூட வரும். தேங்காய்ப்பால் காபிக்கு ஒத்துவராது, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். சிக்கரி கலந்த தூளைவிடத் தனிக் காபித்தூள் முந்திரிப் பாலுக்கு நன்றாக இருக்கிறது என்பது என் நாக்கு.

வெளியில் போனால் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி கேளுங்கள், அல்லது பால் இல்லாத டீயில் எலுமிச்சை. டீக்கடை மாஸ்டர் முதல் நாள் ஒரு பார்வை பார்ப்பார். நாலாம் நாள் நீங்கள் பெஞ்சில் உட்காரும் முன்பே போட்டுவிடுவார்.

தயிருக்கு என்ன செய்வது

ஒரு கப் நிலக்கடலையை இரவு ஊறவைத்துத் தோலை நீக்கி, மூன்று கப் தண்ணீர் சேர்த்து அரைத்து, துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, கரண்டியை எடுக்காமல் கிளறி, பத்து நிமிஷம் சிறு தீயில் காய்ச்சவேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உறைக்கு ஆறேழு பச்சை மிளகாய்க் காம்பை, மிளகாயின் தலைப் பகுதியோடு கிள்ளிப் போட்டு மூடிவையுங்கள். மாட்டுத் தயிரை உறைமோராக விட்டால் மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடுவோம் அல்லவா? காம்பில் இருக்கும் நுண்ணுயிரே அந்த வேலையைச் செய்கிறது. டெல்டா வெயிலில் எட்டு மணி நேரத்தில் உறைந்துவிடும், மார்கழியில் அரிசி டிரம்முக்குள் வைத்தால் நல்லது.

முதல் தடவை உறைவது தளர்வாகவும் கொஞ்சம் கடலை வாசத்தோடும் இருக்கும். அதில் ஒரு கரண்டியை எடுத்து அடுத்த தடவைக்கு உறை ஊற்றினால் கெட்டியாக வரும். தட்டில் வெறுமனே வைத்துச் சாப்பிட இது தோதில்லை. கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துத் தயிர் சாதமாகப் பிசைந்தால் கடலை வாசம் அடங்கிவிடும். மோர்க்குழம்புக்கும் அவியலுக்கும் தாராளமாகப் போடலாம்.

வீட்டு இனிப்பு

பால் இனிப்புகளைக் காப்பியடிக்க முயல்வதைவிட, நம்மிடம் ஏற்கெனவே உள்ள வெல்ல இனிப்புகளிலிருந்து தொடங்குங்கள். எள்ளுருண்டை, பொரி உருண்டை, பொருள்விளங்கா உருண்டை, தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டை, எண்ணெயில் சுட்ட அதிரசம், சுழியம். இவற்றில் பாலே கிடையாது. பல வீடுகளில் உருண்டை பிடிக்கும்போது கையில் தடவும் நெய்தான் ஒரே குறுக்கீடு. அதற்கு அரிசி மாவு தொட்டுக்கொள்ளலாம்.

பாசிப்பருப்புப் பாயசத்தைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். அரை கப் பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வெறும் வாணலியில் வறுத்துக்கொள்ளுங்கள். ஒரு முற்றிய தேங்காயைத் துருவி, ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முதல் பால், தனியே வையுங்கள். சக்கையில் இன்னும் ஒன்றரை கப் தண்ணீர் விட்டு அரைத்து இரண்டாம் பால் எடுத்து, பருப்பை அதில் வேகவையுங்கள். போதாவிட்டால் தண்ணீர் சேர்க்கலாம். பருப்பு விரலில் நசுங்கும் வரை வெல்லத்தைக் கிட்டே கொண்டுவரக் கூடாது. வெல்லம் சேர்ந்த பிறகு எவ்வளவு கொதித்தாலும் பருப்பு வேகாது.

முக்கால் கப் வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றி, பச்சை வாசம் போகக் கொதிக்க விடுங்கள். பிறகு தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள். நடுவில் கொதி வந்தால் பால் திரிந்து எண்ணெய் தனியாகப் போய்விடும். ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு. நெய்யில் வறுத்த முந்திரிக்குப் பதில் தேங்காய்ப் பல்லைத் தேங்காயெண்ணெயில் சிவக்க வறுத்து எண்ணெயோடு கொட்டுங்கள். அந்த வாசத்தில் நெய்யை யாரும் தேடுவதில்லை. எங்கள் வீட்டில் அப்பாயி இந்தப் பாயசத்தைச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னது: "இதுல என்னடி புதுசு, எங்க காலத்துல மாடு கறக்காத நாள்ல இப்படித்தான வெப்போம்."

உளுந்தங்களிக்கு ஒன்றையும் மாற்ற வேண்டாம். ஒரு கப் தோல் உளுந்தையும் இரண்டு கரண்டி பச்சரிசியையும் வறுத்து மாவாக்கி, கருப்பட்டிக் கரைசலில் கட்டியில்லாமல் கரைத்து, நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளற வேண்டியதுதான். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுவே பதம். எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது, கால் கப்பாவது வேண்டும்.

பாயசத்துக்கு அரிசி போடுவதென்றால் பாரம்பரிய ரகங்களைத் தேடிப் பாருங்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களால் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், தூயமல்லி போன்றவை திரும்ப உழவர் கைக்கு வந்திருக்கின்றன. கவுனி அரிசியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, வேகவைத்து, தேங்காய்த் துருவலும் நாட்டுச்சர்க்கரையும் போட்டாலே இனிப்பு தயார். அதற்கு நெய் கேட்பவர்கள் கவுனியின் வாசத்தை இன்னும் சரியாக முகரவில்லை என்பேன்.

இப்போது அசோகா. நெய் இல்லாத அசோகா என்றாலே திருவையாற்றுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், நியாயம்தான். ஆனாலும் வீட்டில் செய்யலாம். அரை கப் பாசிப்பருப்பை வறுத்துக் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். கடலை எண்ணெய் அரை கப் எடுத்து, அதில் பாதியைக் காயவைத்து இரண்டு கரண்டி கோதுமை மாவைப் பொன்னிறமாக வறுக்க வேண்டும். இந்த வறுவலில்தான் நெய் இல்லாத குறை தீர்கிறது, அவசரப்படாதீர்கள். பருப்பைச் சேர்த்து, ஒரு கப் சர்க்கரை போட்டு, மீதி எண்ணெயை விட்டுவிட்டுக் கிளறுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, அல்வா கரண்டியிலிருந்து வழுக்கி விழுந்தால் பதம். கேசரிப் பவுடர் உங்கள் இஷ்டம். செக்கில் ஆட்டிய எண்ணெயின் கடலை வாசம் சிலருக்குப் பிடிக்காது, அவர்கள் சூரியகாந்தி எண்ணெய் போடலாம். பால்திரட்டுக்கும் சந்திரகலாவுக்கும் என்னிடம் வழியில்லை. விட்டதை விட்டதாகவே வைத்துக்கொள்வது மனசுக்கு நல்லது.

வீட்டாரோடு ஒரே பந்தியில்

"ஒரு சொட்டு நெய் விட்டா என்ன ஆயிடப் போவுது?" இந்தக் கேள்வியை நூறு தடவை கேட்பீர்கள். அதற்கு மாடுகள் படும் பாட்டைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் பிரசங்கம் பண்ணினால் இரண்டு பக்கமும் சாப்பாடு இறங்காது. வேண்டாம் என்பதற்குப் பதிலாக, எது வேண்டும் என்பதைச் சொல்லிப் பழகுங்கள். புகுந்த வீடாக இருந்தால், "அத்தை, ரசம் தாளிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சிடுங்க, நான் எண்ணெயில தாளிச்சுக்கறேன்" என்று முந்தின நாளே சொன்னால் முடிந்தது. தாளித்த பிறகு வந்து நின்றால், அவர் சமையலைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

வாரத்தில் ஒரு நாள் எல்லோருக்குமாக நீங்கள் சமையுங்கள். வீகன் என்று அறிவிக்காதீர்கள். எள்ளோதரை, உருளைக்கிழங்கு பொடிமாஸ், தேங்காய்ப்பால் பாயசம் என்று வைத்தால் அது டெல்டா சமையல், அவ்வளவுதான்.

கறி மீன் சாப்பிடும் வீடு என்றால் ஞாயிற்றுக்கிழமைதான் சோதனை. நாகப்பட்டினம் மீன் வந்து இறங்கிவிட்டால் வீடே அந்த வாசத்தில் இருக்கும். அங்கேயும் அதே வழிதான். மீன் குழம்புக்குப் புளி, மசாலா, வெங்காயம், தக்காளி எல்லாம் கொதித்து, எண்ணெய் மேலே வந்து, மீன் போடுவதற்குச் சற்று முன் ஒரு சட்டி குழம்பை எடுத்துத் தனியே வைத்துவிடச் சொல்லுங்கள். அதில் வதக்கிய கத்திரிக்காயும் ஒரு துண்டு மாங்காயும் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டால், மீன் குழம்பின் கைப்பக்குவம் முழுக்க உங்கள் தட்டிலும் வந்துவிடும். கரண்டி மட்டும் தனி. அதைச் சின்னப் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள், அவர்கள்தான் மாற்றிப் போடுவார்கள்.

பண்டிகைகளில் ஆடிப்பெருக்கு நமக்குச் சாதகமானது. ஆற்றங்கரைக்குக் கட்டிக்கொண்டு போகும் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், எள்ளோதரை எல்லாம் நல்லெண்ணெய்ச் சாதங்கள். தயிர் சாதத்துக்கு மட்டும் கடலைத் தயிர் போதும். வெல்லம், தேங்காய், எள் கலந்த காப்பரிசியும் அப்படியே சாப்பிடலாம். கோகுலாஷ்டமிச் சீடையில் வெண்ணெய் சேரும், அதற்குத் தேங்காயெண்ணெய் போட்டுப் பிசைந்தாலும் மொறுமொறுப்பு வரும்.

பொங்கல்தான் நுணுக்கமானது. புதுப்பானையில் பால் பொங்கி வழிவதைப் பார்க்க வீடே காத்திருக்கும். அந்தப் பானையைப் பற்றி வாதம் பண்ணாதீர்கள். பக்கத்தில் இன்னொரு சின்னப் பானை வையுங்கள். தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்ற வேண்டாம், திரிந்துவிடும். புதுப்பச்சரிசி களைந்த தண்ணீரை ஊற்றிக் காய்ச்சினால் அதுவே நுரைத்துப் பொங்கும், அரிசியின் கஞ்சிச் சத்து போதும். பொங்கியதும் அரிசி, பருப்பு போட்டு, வெந்தபின் வெல்லம், கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால். பொங்கலோ பொங்கல் என்று இரண்டு பானைக்கும் சேர்த்தே சத்தம் போடலாம்.

கோயில் பிரசாதம் அவரவர் மனசு. நான் வாங்கிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

பி12: இதில் மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம்

பழைய சோற்றில் இருக்கிறது, கீரையில் இருக்கிறது, கழுவாத காயில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் தள்ளுங்கள். பி12 வைட்டமினுக்குச் செடிகொடிகளை நம்ப முடியாது. பால், முட்டை, மீன், கறி எல்லாவற்றையும் விட்டால் பி12 சேர்த்த உணவோ மாத்திரையோதான் வழி. வீகன் சொசைட்டி சொல்லும் அளவு தினமும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு ஒருமுறை 2000 மைக்ரோகிராம். உடம்பில் உள்ள சேமிப்பு சில வருஷம் தாங்கும், அதனால்தான் "எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்று பலர் ஏமாறுகிறார்கள். கை கால் மரத்துப்போவது, காரணமில்லாத அசதி என்று வரும்போது நரம்பு பாதித்திருக்கும். ஆரம்பிக்கும்போதே ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறையலாம், அவர்கள் தள்ளிப்போடவே கூடாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

சுண்ணாம்புச் சத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, அதே அளவு பாலில் ஏறக்குறைய 120 தான். எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை எல்லாம் கொல்லையிலேயே உண்டு. கீரையில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் ஒட்ட எலுமிச்சம்பழம் பிழியுங்கள், சாப்பிட்ட கையோடு காபி குடிக்காதீர்கள். பொரியலுக்கு அயோடின் உப்பு. பாலைவிட அயோடின்தான் பலருக்கு ஞாபகம் வருவதில்லை.

கல்யாணப் பந்தி

இலையில் உட்கார்ந்ததும் எதெல்லாம் உங்களுக்கு என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், கோசுமல்லி, பொரியல், வறுவல், வடை, அப்பளம், சாம்பார், வத்தக்குழம்பு எல்லாம் பெரும்பாலும் சரி. தயிர்ப்பச்சடி, அவியல், ஜாங்கிரிக்குப் பக்கத்தில் வரும் பால் இனிப்பு இவை வேண்டாம். ஜாங்கிரியும் நெய்யில் சுட்டதா என்று கேட்க வேண்டும்.

தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே சமையல்காரரிடம் போய் நின்றுவிடுங்கள். மணமேடைக்காரர்களிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, அவர்களுக்கு ஆயிரம் வேலை. "மாஸ்டர், சாம்பார்ல, ரசத்துல நெய் விடுவீங்களா?" என்றால் நேராகப் பதில் வரும். பாயசத்தில் பால் விடும் முன் ஒரு தூக்கில் எடுத்து வைக்கச் சொன்னால், பெரும்பாலும் முகம் சுளிக்காமல் செய்துகொடுப்பார்கள். தாம்பூலம் வைக்கும்போது மறக்காமல் நன்றி சொல்லுங்கள், அடுத்த கல்யாணத்திலும் அதே மாஸ்டர்தான் வருவார்.

சாதம் விழுந்து பருப்பு வரும்போது கவனம் தேவை. நெய்க் கிண்ணத்தோடு வருகிறவர் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, கை பாட்டுக்குச் சாய்த்துக்கொண்டே போகும். வாயால் வேண்டாம் என்றால் அவர் காதில் விழாது. இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்துவிடுங்கள். ரசம் நெய்யில் தாளிக்காதது என்றால், கடைசியில் மோர் வாளி வருவதற்குள் அதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிவிட வேண்டும். மோர் வந்த பிறகு கேட்டால், ரச வாளி இரண்டு வரிசை தாண்டிப் போயிருக்கும்.